அக்கரப்பத்தனைக்குக் கைமாறிப் போன கெபாசிட்டர்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் என் பையைத் திறந்த அதிகாரி துணிகளையும் முறுக்குப் பொட்டலத்தையும் ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு சாமானை மட்டும் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வெள்ளை நிறம். டார்ச் பேட்டரியைவிடப் பருமன். தலையில் இரண்டு தகடுகள். "இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"கெபாசிட்டர்" என்றேன். அவர் முகம் மாறவில்லை. மோட்டாரைக் கிளப்பிவிடுகிற சாமான், உங்கள் வீட்டு ஃபேனில்கூட இதன் தம்பி ஒருவன் இருப்பான் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி, விரலைச் சுழற்றிக் காட்டி, வாயால் ஃபேன் சத்தமும் போட்டேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை வாங்கித் துணிகளுக்கு நடுவே மறுபடி செருகிக்கொண்டேன்.

நான் திருச்சியில் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின், இப்போது மொபைல். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு எனக்கு விடை கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பிரித்துப் போட்டுப் படித்ததுதான். அப்பா சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி இந்தியா வந்தவர். அத்தை அங்கேயே தங்கிவிட்டார். அத்தை மகன் முத்துலிங்கம் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கிற அறையில் வேலை பார்த்தார். அந்தத் தூள் நெஞ்சில் தங்கிவிட்டது. இப்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக் குழாயில் அனுப்புகிற மிஷின் இல்லாமல் அவரால் இருக்க முடியாது.

அந்த மிஷினை நான்தான் பழையது ஒன்று வாங்கிச் சரிசெய்து, போன வருஷம் ஆள் மூலமாக அனுப்பினேன். நான் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு அது நின்றுபோனது. முத்துலிங்கத்தின் மனைவி செல்வராணி, எனக்குத் தங்கை முறை, போனை மிஷின் வயிற்றோடு ஒட்டிப் பிடித்தது. "ம்ம்ம்" என்று முனகுகிறது, சுற்றவில்லை. மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, தள்ளிவிட ஆள் இல்லை. கெபாசிட்டர் போய்விட்டது. ஹட்டனிலிருந்து வந்த ஒருவர் ஃபேன் கெபாசிட்டரைப் போட்டுப் பார்த்தாராம். அது அந்த இடத்திலேயே உப்பிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு சிலிண்டர் தந்திருந்தார்கள். அதன் தலையில் கடிகாரம் மாதிரி ஒரு முள். பச்சையில் இருந்தால் நிம்மதி, சிவப்புக்கு வந்தால் கடைசி. கிளம்பும் முன்பு மச்சானிடம் பேசினேன். "வா..." என்றார். ஒரு மூச்சு இழுத்தார். "மச்..." என்றார். இன்னொரு மூச்சு. "சான்." அவ்வளவுதான். வாய் ஓயாமல் கிண்டல் பேசுகிற மனிதர் அவர்.

ரயில் சீட்டு மறுநாளைக்குத்தான் கிடைத்தது, அதனால் முதல் நாள் கொழும்பு. உள்ளதைச் சொல்கிறேன், அந்த நகரம் எனக்குப் பொய் சொல்லிவிட்டது. சூப்பர் மார்க்கெட்டில் கார்டைத் தொட்டேன், பீப் என்றது. சாப்பாட்டுக் கடையில் கட்டம் போட்ட க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தேன், எங்கள் ஊர் ஆப்பே வேலை செய்தது. திருச்சியில் பூக்காரம்மா கடையில்கூட ஒரு டப்பா உட்கார்ந்துகொண்டு "பத்து ரூபாய் பெறப்பட்டது" என்று கத்தும். நாங்கள் பர்ஸ் என்ற ஒன்றையே மறந்து சில வருஷமாகிறது. விமான நிலையத்தில் பேருக்குக் கொஞ்சம் மாற்றியதோடு சரி, பணம் மாற்ற வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். கனமே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

மறுநாள் மலை ரயில். ஜன்னல் ஓரம் கிடைத்தது. இறால் பதித்த வடையை விற்றுக்கொண்டு ஒருவர் பெட்டிக்குப் பெட்டி தாவினார். வடை சுடச்சுட இருந்தது. நம் ஊர் உளுந்து வடையைப் போல மென்மை கிடையாது, பல்லுக்கு வேலை கொடுக்கிற ஜாதி. இரண்டு தின்றேன். கைக்காசில் முதல் ஓட்டை அங்கே விழுந்தது. மலை ஏற ஏற மழை. பையைத் தலைக்கு மேலே வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தேன். குகைக்குள் ரயில் நுழையும்போதெல்லாம் கை தானாகப் பையைத் தடவிப் பார்த்தது.

வட்டவளையில் ரயில் நின்றது. நின்றது நின்றதுதான். மேலே தண்டவாளத்தில் மண் விழுந்துவிட்டதாம். எதிரில் இருந்த சிங்கள அம்மா தன் கணவரிடம் ஏதோ சொல்ல, பக்கத்தில் இருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "வட்டவளையில மழை பேஞ்சா பயப்படத் தேவையில்லையாம். வெயில் அடிச்சாத்தான் என்னமோ ஏதோன்னு பாக்கணுமாம்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செல்வராணிக்குப் போன் போட்டேன்.

"முள்ளு பச்சையைத் தாண்டிருச்சுண்ணே. காத்தைக் கொறச்சு வச்சிருக்கேன். மழைக்குள்ளயே நாக்காலியில வச்சுத் தூக்கிக்கிட்டுப் போனாங்க, ஆஸ்பத்திரிக்கு. பாதி எறக்கத்துல மூச்சு முட்டிருச்சு. திரும்ப வூட்டுக்கே கொண்டாந்துட்டாங்க. நீங்க எங்க வர்றீங்க?"

"வந்துட்டேம்மா" என்றேன். வட்டவளையில் உட்கார்ந்துகொண்டு.

கீழே இறங்கி, பத்துப் பேர் சேர்ந்து பிடித்த வேனில் ஹட்டன் வந்தேன். மிச்சமிருந்த காசு வேன்காரரிடம் போனது. ஹட்டன் கடைத்தெருவில் இரண்டு பணமெஷின்கள். ஒன்று என் கார்டை ருசி பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டுத் துப்பியது. இன்னொன்று கரண்ட் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அக்கரப்பத்தனைக்குக் கடைசி பஸ் போயிருந்தது. ஆட்டோ நிறுத்தத்தில் ஒருவரிடம் கெஞ்சினேன். திருச்சியிலிருந்து பணம் போடச் சொல்கிறேன், கார்டு இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் என்று. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "காசு பிரச்சினை இல்லீங்க. கார்டும் பிரச்சினை இல்லீங்க. ரோடு இல்லீங்க."

ஒரு முஸ்லிம் பெரியவரின் ரொட்டிக்கடையில் ஒதுங்கினேன். எல்லோரும் அவரை 'நானா' என்று கூப்பிட்டார்கள், அங்கே முஸ்லிம் அண்ணன்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். சுவரில் ஸ்கேன் செய்கிற அட்டையைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. போனை நீட்டினேன். சுற்றிக்கொண்டே இருந்தது.

"அத வுடுங்க தம்பி. டவர் படுத்திருச்சு. அந்த அட்டை இப்ப அழகுக்குத்தான் தொங்குது."

பையின் உள்ளறையில் இந்திய நோட்டு ஒன்று கிடந்தது. கூச்சத்தோடு எடுத்து வைத்தேன். அவர் அதை இரண்டு பக்கமும் பார்த்தார். "நோட்டு உங்க நாட்டு நோட்டு. பசி எந்த நாட்டுப் பசி?" என்று கேட்டுவிட்டு, ரொட்டியும் பருப்புக் கறியும் வைத்தார். விலை என்ன மதிப்பு என்ன என்று கணக்கே பார்க்காமல் இலங்கை நோட்டுகள் சிலவற்றைக் கையில் திணித்து, மாடியில் படுக்க இடமும் காட்டினார். அந்த வார்த்தையை நான் திருச்சிக்குக் கொண்டுவந்திருக்கிறேன். கடையில் தினமும் ஒரு முறையாவது சொல்கிறேன்.

தூக்கம் என்று சொல்வதற்கில்லை. தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம் முழுக்க எனக்கு அந்த மிஷினின் முனகலாகவே கேட்டது.

மூன்றாம் நாள் காலையில் அக்கரப்பத்தனை பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டரை எல்லோரும் சிவா என்றார்கள். விரல் இடுக்கு ஒவ்வொன்றிலும் நோட்டை நீளமாக மடித்துச் செருகியிருந்தார். இனிமேல் காசைச் சிக்கனமாகப் பிடிக்க வேண்டும் என்று, தெரிந்துகொண்டே கேட்டேன், கார்டு எடுப்பீர்களா என்று.

"எடுப்பேங்க" என்றார் சிவா. "திருப்பித் தர மாட்டேன், பரவால்லையா?"

பின்சீட்டு வரைக்கும் சிரிப்பு போனது. நானும் சிரித்துக்கொண்டே நானா கொடுத்த நோட்டில் ஒன்றைக் கொடுத்தேன்.

பிறகு அவர் படியில் நின்று ஒரு காரியம் செய்தார். அதை அப்போது நான் வேடிக்கையாகத்தான் பார்த்தேன். "மேல போற சாமான் இருந்தா குடுங்க! யாருக்கு, எந்தத் தோட்டம், எந்த டிவிசன், சத்தமா சொல்லிக் குடுங்க!" என்று கத்தினார். குடை பிடித்து நின்ற ஒரு பெண், கண்ணாடிக் கூடு ஒன்றை நீட்டி, "மூனாம் நம்பர் லயம், தையக்காரப் பாக்கியத்துக்கு, கண்ணாடி!" என்றார். லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள். சிவா திருப்பிச் சொன்னார். டிரைவர் திரும்பிப் பார்க்காமலே, "பாக்கியத்துக்குக் கண்ணாடி" என்றார். நடுசீட்டில் யாரோ ஒரு கிழவர், கேட்காமலேயே, "மூனாம் நம்பர் லயம், கண்ணாடி" என்று முடித்து வைத்தார். ரசீது இல்லை, கட்டணம் இல்லை. இப்படியே மாத்திரை, பால்மா, சப்பாத்து என்று அவர்கள் சொல்கிற பள்ளிக்கூட ஷூ ஒரு ஜோடி எல்லாம் ஏறின.

என் பக்கத்தில் மடித்த குடையோடு ஒரு நடுவயதுக்காரர் இருந்தார். சலவைச் சட்டை, பேனா. "எங்க ஊர்ல கூரியர்னா நம்பர் தருவாங்க, சாமான் எங்க போகுதுன்னு போன்லயே பாக்கலாம்" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

"இங்கயும் இருக்குங்க கூரியரு, டவுன் மட்டும் வரும்" என்றார். "அதுக்கு மேல இதுதான். எல்லாத்துக்கும் கேக்குற மாதிரி சொல்லிப்புட்டா பஸ்ஸே பொறுப்புங்க. ரகசியமாக் குடுத்தா ரகசியமாவே போயிரும்."

நல்ல சொல் கிடைத்ததே என்று மனசுக்குள் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டேனே தவிர, புரிந்துகொள்ளவில்லை. ஏனென்றால் அடுத்த நிமிஷம் சிவா என்னைக் கேட்டார்: "அண்ணே, மடியில கட்டிப் புடிச்சிருக்கீங்களே, என்னா அது? மேலயா போகுது?"

திருச்சி பஸ் நிலையத்தில் வளர்ந்தவன் நான். பையில் என்ன இருக்கிறது என்று எவன் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பது பாலோடு சேர்த்து ஊட்டப்பட்டது. "ஒன்னும் இல்லைங்க. துணிமணி" என்றேன்.

லிந்துலையில் அந்தக் குடைக்காரர் இறங்கினார். அவருக்காக ஒருவர் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தார். இரண்டு பேரும் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் ஏறி மழைக்குள் மறைந்தார்கள். நான் கையாட்டினேன்.

லிந்துலை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றது. முன்னால் இருந்தவர்கள் "ஐயோ" என்றார்கள்.

ரோடு இல்லை. ஆட்டோக்காரர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை. மேலேயிருந்து ஒரு துண்டு மலை, தேயிலைச் செடிகளோடு அப்படியே வழுக்கி வந்து ரோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. செடிகள் நின்றவாக்கிலேயே இருந்தன, பறிக்க ஆள் வரட்டும் என்பதுபோல. சேற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பஸ், மூக்கைக் காட்டிக்கொண்டு நின்றது. மண் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தது. சின்னச் சின்னக் கற்கள் உருள்கிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

என் போன் அடித்தது. சிக்னல் ஒரே ஒரு கோடு.

"அண்ணே." செல்வராணியின் குரல் தாழ்ந்திருந்தது. பக்கத்தில் அவருக்குக் கேட்கக் கூடாது என்று பேசுகிற குரல். "முள்ளு செகப்புக்கு வந்துருச்சு."

நான் எழுந்த வேகத்தில் பை கீழே விழப் பார்த்தது. என் முகத்தைப் பார்த்து சிவா, "என்னாங்க?" என்றார். அப்போதுதான் என் வாய் திறந்தது. ஆக்சிஜன் மிஷின், மச்சான் முத்துலிங்கம், கெபாசிட்டர், முள், எல்லாம் ஒரே கூட்டாகக் கொட்டியது.

"எந்தத் தோட்டம்?"

"ஊத்துமலைத் தோட்டம். மேல் டிவிசன்."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு நாலு பக்கமும் வெடித்தது.

"அட என்னாண்ணே நீங்க! ஒங்க பக்கத்துல கொடையோட உக்காந்திருந்தாரே, அவரு ஊத்துமலைதானே!"

"முத்துலிங்கம் அண்ணன் வூட்டுக்கு அடுத்த லயங்க அவரு!"

"இந்நேரம் கொண்டுபோய்ச் சேத்திருப்பாரு!"

பின்சீட்டில் தேயிலைக் கொழுந்துச் சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மா, மற்றவர்கள் அடங்கும்வரை காத்திருந்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "வாயிருந்தா வங்காளம் போகலாம்னு சொல்லுவாங்க. இவரு வாயையும் சேத்துல்ல மடியில கட்டிக்கிட்டு வந்திருக்காரு."

குறுக்குப் பாதையில் யாரையாவது அனுப்பலாமா என்று கேட்டேன். அந்தப் பாதையின் பாலம் இப்போது தண்ணீருக்கு அடியில் என்று கீழேயிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். குடைக்காரர் போனதுதான் கடைசி.

இறங்கிச் சேற்றில் கால் வைத்தேன். முழங்கால்வரை உள்ளே போனது. ஏற்கெனவே தேய்ந்த மூட்டு எனக்கு. சிவா கக்கத்தில் கை கொடுத்துப் பிடுங்கி எடுத்தார். செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. ஒரு சிங்களப் போலீஸ்காரர் ஓடிவந்து, "யன்ன பே, மஹத்தயா, யன்ன பே" என்றார். ஐயா, போக முடியாது என்று அர்த்தம். நான் மிஷினையும் மூச்சையும் நடித்துக் காட்டினேன். அவர் கேட்டார், முகம் சுருங்கியது. ஆனாலும் கையை அகல விரித்து வைத்தபடியே நின்றார். அவர் பின்னால் மண் இன்னொரு முறை பெருமூச்சு விட்டு இறங்கியது. அவர்மேல் கோபப்பட முடியவில்லை.

தோட்டத்து ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று ஒரு கயிற்றை மேட்டுக்கு மேட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு சாக்குப் பை. வழக்கமாகச் செய்கிற வேலைபோல இருந்தது அவர்கள் செய்த விதம். சிவா பஸ்ஸிலிருந்த சாமான்களையெல்லாம் கொண்டுவந்து, என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"நான் போகாம அது போய் என்னங்க பண்ணும்?" என்றேன். "மாட்டத் தெரிஞ்ச ஆள் வேணும். தப்பா தொட்டா கரண்ட் அடிக்கும்."

"ஆளு போக முடியாதுங்கண்ணே. சாமான் போகும்" என்றார் சிவா. "போறது போகட்டும். மத்தத பொறகு பாப்போம்."

இரண்டு நாளாக வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்த சாமான். ஒரு கடல் தாண்டி, அதிகாரிக்கு ஃபேன் சத்தம் போட்டுக் காட்டிக் கொண்டுவந்தது. அதைச் சேற்றுக்கு மேலே ஒரு கயிற்றில், பேர் தெரியாத ஆட்கள் கையில் விட வேண்டும். கயிறு அறுந்தால்? பை நழுவினால்? மடியில் வைத்திருக்கும்வரை அது பத்திரமாக இருந்தது, உண்மைதான். ஆனால் அந்த மலையில் அதற்கு வேலை இருந்தது என் மடியில் இல்லையே. பிளாஸ்டிக் பை இரண்டில் சுற்றி, முறுக்குப் பொட்டலத்துக்கு நடுவில் செருகி, சிவா கையில் வைத்தேன்.

"சொல்லிக் குடுங்க" என்றார்.

சொன்னேன். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல.

"கேக்கலை!" என்றது சேற்றுக்கு அந்தப் பக்கம்.

எனக்கே தெரியாத ஒரு குரல் என்னிடமிருந்து கிளம்பியது. "ஊத்துமலைத் தோட்டம்! மேல் டிவிசன்! கோயிலடி லயம்! முத்துலிங்கத்துக்கு! மூச்சு மிசின் சாமான்!"

"முத்துலிங்கத்துக்கு மூச்சு மிசின் சாமான்!" என்றார் சிவா. டிரைவர் சொன்னார். சாக்குப் போர்த்திய அம்மா சொன்னார். போலீஸ்காரர்கூட ஏதோ சொன்னார். அந்தப் பக்கத்துக் கண்டக்டர் திருப்பிக் கத்தினார்: "மேல் டிவிசன்! மூச்சு மிசின்!"

பை நகர்ந்தது. பாதி வழியில் கயிறு தொய்ந்து, சாக்கின் அடி சேற்றைத் தொட்டது. யாரோ "இழு, இழு" என்றார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டார். பை எழுந்தது. போய்ச் சேர்ந்தது. அங்கே ஒருவர் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பியதைப் பார்த்தேன். அவர் முகம்கூட எனக்குத் தெரியவில்லை, நீலத் தொப்பி மட்டும்தான்.

பிறகு காத்திருப்பு. அதைப் பற்றி என்னத்தைச் சொல்ல. சாக்குப் போர்த்திய அம்மா தன் தூக்கிலிருந்து பிளேன்டி, அதாவது பால் போடாத டீ, ஊற்றிக் கொடுத்தார். குடித்தேனா என்று நினைவில்லை.

சிவாவின் போன் அடித்தது. எதிர்முனையில் மேரி என்ற பெண், செல்வராணியின் பக்கத்து வீடு; நீலத் தொப்பிக்காரர் நம்பர் கொடுத்தாராம். லயத்துக்குள் இப்போது சிக்னல் போய்விட்டதால் கோயில் பாறைமேல் ஏறி நின்று பேசினார். "சாமான் வந்திருச்சுங்க. செல்வராணிதான் மாட்டப் போகுது. நீங்க சொல்லுங்க, நான் இங்கேருந்து சொல்றேன்."

அடுத்து நடந்தது எந்த வீடியோ காலிலும் நான் பார்த்திராதது. நான் ஒரு வாக்கியம் சொல்வேன். மேரி அதைப் பாறையிலிருந்து கீழே கத்துவார். தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில் ஒருத்தி அதை வாங்கி வாசலுக்குக் கத்துவாள். வாசலில் ஒருத்தி உள்ளே சொல்வாள். பிறகு பதில் அதே வழியில் ஏறி வரும்.

"பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்க."

பிளக்கு, பிளக்கு, பிளக்கு என்று இறங்கியது. "புடுங்கியாச்சாம்!"

"பின்மூடியில நாலு திருகாணி. கழட்டச் சொல்லுங்க. பழசு உப்பிப்போய் இருக்கும். தொடக் கூடாது! கரண்ட் உள்ளே ஒளிஞ்சிருக்கும். பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்குரூ டிரைவரால ரெண்டு தகட்டையும் சேத்து ஒரு தொடு. கை ஈரமில்லாம துடைச்சிட்டு."

அது இறங்கும்போது நான் கவனமாகக் கேட்டேன். ஒரு சொல் குறையாமல் போனது. "கை ஈரமில்லாம" என்பதை மேரி இரண்டு தடவை கத்தினார்.

"பொறி பறந்துச்சாம்! பயந்துருச்சாம்!"

"பொறி வந்தா நல்லதுதான். இப்ப தொடலாம். ரெண்டு ஒயரையும் உருவி, புதுசுல மாட்டணும்."

நீண்ட இடைவெளி. பிறகு: "எந்த ஒயரு எந்தப் பக்கம்னு கேக்குது!"

"எந்தப் பக்கம்னாலும் சரி."

மேரி அதைக் கீழே சொல்லவில்லை. "அண்ணே, சரியா சொல்லுங்க. உசுரு விசயம். எந்தப் பக்கமோன்னு சொன்னா எப்படி?"

"தாயே, அதுக்குப் பக்கமே கிடையாது! சத்தியமா! எப்படி வேணா மாட்டலாம்!"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கி என்னைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"மாட்டியாச்சாம்! கரண்ட்டு இப்பதான் வந்துச்சு, போறதுக்குள்ள போடவான்னு கேக்குது!"

"போடச் சொல்லுங்க."

"போடு!" என்று மேரி கத்தியது கேட்டது. தூரத்தில் இன்னொரு "போடு". பிறகு போன் செத்துவிட்டது.

சிவா திரும்பத் திரும்ப அழுத்தினார். டவர் படுத்திருந்தது. நான் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தேன். செருப்பில்லாத காலில் மழைத் தண்ணீர் ஓடியது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ மிஷினை ஓட்டிவிட்டுச் சத்தம் கேட்டிருக்கிறேன். சத்தம் கேட்கிற தூரத்தில்தான் எப்போதும் இருந்திருக்கிறேன். போனும் கார்டும் எல்லா ஊரையும் விரல்நுனிக்குக் கொண்டுவந்துவிட்டன என்று கடையில் நானே எத்தனை பேரிடம் அளந்திருப்பேன். அந்தக் கல்லிலிருந்து ஊத்துமலைத் தோட்டம், திருச்சியிலிருந்து இருந்ததைவிடத் தூரமாக இருந்தது.

யாரும் பஸ்ஸுக்குள் போகவில்லை. மழையிலேயே நின்றார்கள். அந்த அம்மா தன் சாக்கின் ஒரு ஓரத்தை என் தோளில் போட்டார்.

அந்தப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம். நீலத் தொப்பி. அவர் வண்டியை நிறுத்துவதற்குள்ளேயே அந்தப் பக்கத்துக் கண்டக்டரிடம் ஏதோ சொன்னார். கண்டக்டர் இரண்டு கையையும் வாயில் குவித்தார்.

"மிசின் ஓடுது!"

"மிசின் ஓடுது!" என்றார் சிவா. "ஓடுதாம், ஓடுதாம்" என்று அந்த அம்மா. டிரைவர் ஓடிப்போய் ஹாரனை அழுத்தினார். எதிர் பஸ்ஸும் அழுத்தியது. போலீஸ்காரர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். நான் கல்லில் உட்கார்ந்தபடியே அழுதேன்.

கயிற்றில் சாக்குப் பை இந்தப் பக்கமாகத் திரும்பி வந்தது. அந்தப் பக்கத்துக் கண்டக்டர் கத்தினார்: "ஊத்துமலை மேல் டிவிசன்ல இருந்து! இந்தியாக்கார தனபாலு அண்ணனுக்கு! ரொட்டியும் சம்பலும்!"

"நான்தான்!" என்று கத்தினேன், யாரும் திருப்பிச் சொல்வதற்கு முன்னால். சிரித்தார்கள். வாழை இலையில் சுற்றி, அதன்மேல் துணி சுற்றி, தேங்காய் ரொட்டி, கூடவே சம்பல் என்கிற காரத் தேங்காய்த் துவையல். வெளியே ஈரம், உள்ளே இன்னும் இளஞ்சூடு.

"கூடவே ஒரு சொல்லும் குடுத்து விட்டிருக்காரு, முத்துலிங்கம் அண்ணன்!" என்று கண்டக்டர் தொடர்ந்தார். நீலத் தொப்பிக்காரர் அவர் காதில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். "திருச்சியில இருந்து ஃபேன் ரிப்பேர்க்காரன் ஒருத்தன் வந்து லிந்துலை ரோட்டுல நனஞ்ச கோழி மாதிரி நிக்கிறானாம்! அவனுக்கு ரொட்டி குடுங்க, கீழ இருக்கவங்களுக்கும் பங்கு வைக்கச் சொல்லுங்க! ரோடு தொறந்ததும் வூட்டுக்கு வந்து மூடியை ஒழுங்காப் பூட்டச் சொல்லுங்க, இவ ரெண்டு திருகாணிதான் போட்டிருக்கா! அடுத்த தரம் வரும்போதாவது வாயைத் தொறந்து வச்சிக்கிட்டு பஸ்ஸு ஏறச் சொல்லுங்க!"

பஸ் முழுவதும் சிரித்தது. எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. "வா... மச்... சான்" என்ற குரல்தான் காதில் இருந்தது. நானும் கையைக் குவித்துக் கத்தினேன்: "இவ்வளவும் அவரேதான் சொன்னாரா? நிறுத்தி நிறுத்திச் சொன்னாரா?"

சேற்றுக்கு அந்தப் பக்கம் கண்டக்டர் நீலத் தொப்பிக்காரரிடம் குனிந்தார், நிமிர்ந்தார்.

"நிறுத்தவே மாட்டேங்கிறாராம்! செல்வராணி அக்காதான், போதும் வாயை மூடுன்னு சொல்லுச்சாம்!"